தூண் தலையில் மூன்று கட்டைகள்

அல்ஜியர்ஸின் பழைய நகரமான கஸ்பா மேட்டில் இருப்பவனுக்கு அரசாங்க அடுக்குமாடியில் வீடு வேண்டுமென்றால், இருக்கிற வீடு இடிந்தாக வேண்டும். மொக்ரானின் பாழாய்ப்போன வீடோ முந்நூறு வருஷமாக அசைய மாட்டேன் என்றது. ஒரே ஈர அறை, மனைவி தஹ்பியா, இருமித் தள்ளும் மூன்று பிள்ளைகள். மனுஷன் எத்தனை நாள்தான் பொறுப்பான்?

முற்றத்துத் தூண்களின் தலையில் மும்மூன்று உருட்டுக் கட்டைகள் படுத்திருக்கும், அவற்றின் மேல் வளைவு. பூமி குலுங்கினால் கட்டை உருளும், வளைவு பிளக்காது. பூகம்பத்தில் அடிபட்டுத் தெளிந்த பழைய கொத்தனார்களின் வேலை அது. தஹ்பியா பிள்ளைகளோடு தாய்வீடு போயிருந்த வாரத்தில், மொக்ரான் ஒரு தூணின் கட்டைகளை அறுத்து உருவினான்.

வளைவு விழவில்லை. இரண்டு விரற்கடை இறங்கி, பக்கத்து வீட்டுச் சுவர்மேல் பாரத்தைச் சாய்த்துவிட்டு நின்றுகொண்டது. பார்க்க வந்த வீட்டு வசதி அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"நிக்குதேப்பா! விழுந்தா வந்து சொல்லு."

ஊரிலிருந்து திரும்பிய தஹ்பியா, மூலையில் கிடந்த கட்டைகளை அடுப்பில் வைத்தாள். வாசனை மாடிவரை போனது. பக்கத்து வீட்டு ஸுலிகா மொட்டைமாடி தாண்டி வந்துவிட்டாள். புருஷனை இழந்தவள், இந்தப் பிள்ளைகளுக்கு ரொட்டி சுடாத நாளில்லை.

"என்னடி விறகு இது, இப்படி மணக்குது!" என்று காப்பியை உறிஞ்சினாள். பிறகு மொக்ரானிடம் திரும்பினாள். "தம்பி, என் சுவத்துல விரிசல் விட்டிருக்கு. கை நுழையுது. கொஞ்சம் வந்து பாரேன்."

மொக்ரான் அடுப்பில் எரியும் கட்டையைப் பார்த்தான். அறுத்ததைச் சொன்னால் வீடும் போச்சு, ஜெயிலும் நிச்சயம்.

"வெயிலுக்கு வெடிச்சிருக்கும்க்கா. சனிக்கிழமை சுண்ணாம்பு பூசித் தர்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம் அவன் தொழுகையில் இருந்தபோது அந்தச் சுவர் ஸுலிகாவின் வீட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அவள் உடலைத் தோண்டி எடுக்கச் சாயங்காலம் ஆயிற்று. மொக்ரானும் தோண்டினான். நகம் பிய்ந்தது, பாவி அழக்கூட இல்லை.

மறுவாரம் அதே அதிகாரி வந்தார்.

"பக்கத்து வீடு போனதால உங்களுக்கு இனி முட்டு இல்ல. இங்க இருக்கக் கூடாது. அதிர்ஷ்டக்காரன்யா நீ, இந்தா புது வீட்டுச் சாவி."

தஹ்பியா சாவியைப் பார்க்கவில்லை. மொட்டையாக நின்ற தூணின் தலையைப் பார்த்தாள், அடுப்புச் சாம்பலைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டையிலதானே அவளுக்குக் காப்பி போட்டேன்" என்றாள்.

மொக்ரான் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டான்.