நோகாமல் உரியும் வில்லை

இடுப்பு கழன்று கையில் வந்துவிடும்போல் வலித்தது அவளுக்கு. காலையிலிருந்து குனிந்து குனிந்து ஊரார் முதுகைத் தேய்த்த இடுப்பு. வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். முகர்ந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். பசி குடலைப் பிடுங்கியது. ஆனால் விரலைத் தட்டில் வைத்தால் சோற்றுக்கு முன்னால் அந்தப் பசை நாற்றம் வாய்க்குள் போகும்.

உடம்பு கெட்டுப்போன கூலிக்காரர்களைச் சோதிக்கிற மருத்துவமனையில் அவள் டெக்னீஷியன். சதை இறுகும்போது அதிலிருந்து துளியூண்டு மின்சாரம் வரும். தோல்மேல் வில்லையை ஒட்டி, வயரை மாட்டினால், மெஷினில் அது கோடாக ஓடும். கோட்டைப் பார்த்து, சதை கெட்டிருக்கிறதா, ஆள் பொய் சொல்கிறானா என்று டாக்டர் எழுதுவார். வில்லைக்கு எலக்ட்ரோடு என்று பெயர். அது டாக்டர் வாய்க்கு. ஒரு ரூபாய்க் காசு அகலம், நடுவில் உலோகக் குமிழ், அடியில் மூக்குச்சளி மாதிரி ஜெல், சுற்றிலும் பசை. ஒரு தடவை ஒட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். வருகிறவர்கள் எல்லாம் அவளை ஒட்டுக்காரி என்றே கூப்பிட்டார்கள். கட்டினவனும் அப்படித்தான் கூப்பிட்டான்.

"ஏ ஒட்டுக்காரி, வந்து பாரு. உன் நீலம் ஊரைவிட்டே ஓடிப்போச்சு."

மாவுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் அவன். சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி நின்றான். பழைய வில்லை தீர்ந்துபோய் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இரண்டு கம்பெனிக்காரர்கள் சாம்பிள் கொடுத்திருந்தார்கள், ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. இரண்டையும் காலையில் அவன் தோள்பட்டையில் ஒட்டி வேலைக்கு அனுப்பியிருந்தாள்.

மாவும் வியர்வையும் குழைந்து முதுகு முழுக்கக் கூழாக அப்பியிருந்தது. நீல வில்லை வழுக்கிக்கொண்டே இறங்கி இடுப்புத் துணியில் மாட்டி, ரத்தம் குடித்த அட்டை மாதிரி ஊதிக் கிடந்தது. இரண்டு விரலால் கிள்ளி எடுத்தாள். கொழகொழவென்று வந்தது. அவளுக்குக் குமட்டியது.

வெள்ளை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. நுனியைத் தூக்கி இழுத்தாள்.

"அடியே! தோலை வெச்சுட்டு எடுடி!"

"செரைச்சுத்தானே ஒட்டினேன்?"

"செரைச்ச லட்சணம்! பாதி மயிரு உன் வில்லையிலதான் இருக்கு."

இருந்தது. மயிரும், செத்த தோலும், மாவும் பசையில் பதிந்து, வடிகட்டியில் தங்கின அழுக்கு மாதிரி இருந்தது. தோலில் வட்டமாகச் சிவப்பு. ஆனால் பிடித்தது என்றால் இதுதான் பிடித்தது. அதற்குக் காலையில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். மயிரைச் சிரைத்து, சொரசொரப்புக் களிம்பால் தேய்த்து, திரண்டு வந்த அழுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, அப்புறம்தான் ஒட்ட முடிந்தது. சொந்தப் புருஷன் முதுகே இப்படி. படையும் பருவும் சொறியுமாக வருகிற முதுகுகளை எல்லாம் தினமும் சிரைக்க வேண்டும் என்றால்?

"வெள்ளையே வாங்கச் சொல்லு," என்றான் அவன். "கோணத்தோளுக்கு அடுத்த வாரம் டெஸ்ட்டு. அவனுக்காகத்தான் முதுகைக் குடுத்தேன். உனக்காகன்னு நெனச்சுக்காதே."

கோணத்தோள் கிடங்கில் அவனோடு மூட்டை தூக்குகிற சின்னப் பையன். மூட்டை சரிந்து விழுந்ததில் வலது தோள் இறங்கிப்போனவன். சதை கெட்டிருக்கிறது என்று டாக்டர் எழுதினால் எடைமேடையில் உட்காருகிற வேலை கிடைக்கும். இல்லையென்றால் அதே தோளில் அதே மூட்டை. இன்னும் கொஞ்ச நாள் தூக்கினால் அந்தக் கை சாப்பிடக்கூட உதவாது.

"சொல்றேன்," என்றாள். கையைக் கழுவப் போனாள்.

எந்த வில்லை வாங்குவது என்கிற தேர்வு டாக்டரின் ஏசி அறையில் நடந்தது. ஸ்டோர்ஸ் மேனேஜர் சட்டைக் கையை மடித்துத் தன் முன்னங்கையில் ஒரு நீலம், ஒரு வெள்ளை ஒட்டிக்கொண்டார். டாக்டரும் ஒட்டிக்கொண்டார். பவுடர் போட்ட, வெயில் படாத கைகள். டீ குடித்து முடித்ததும் உரித்தார்கள்.

வெள்ளையை இழுத்ததும் மேனேஜர் "அம்மா!" என்று கத்திவிட்டார். நீலம் பூ மாதிரி வந்தது.

"பாருங்க டாக்டர், குழந்தைக்குக்கூட ஒட்டலாம். செரைக்கவே வேண்டாம்னு சேல்ஸ்காரர் சொன்னாரு."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவர்களுக்கு வந்தும் தெரியவில்லை. ஒட்ட வேண்டிய சாமானை, எது நோகாமல் உரிகிறது என்று பார்த்து வாங்குகிறார்கள். செருப்பை எது சுலபமாகக் கழல்கிறது என்று பார்த்து வாங்குகிற மாதிரி. அவளுக்கு அவர்கள் கைகளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீதானே தினமும் ஒட்டறே? நீ சொல்லும்மா. எது?"

கேட்டேவிட்டார். வெள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். சவர பிளேடில் ஒட்டின ஈர மயிர் நினைவுக்கு வந்தது. நகக்கண்ணில் ஏறின அழுக்கு, கழுவக் கழுவப் போகாத நாற்றம், சாப்பிட முடியாமல் தள்ளி வைத்த தட்டு எல்லாம் வந்தது.

"நீலமே இருக்கட்டும் சார். செரைக்கிற வேலை மிச்சம்."

"அப்பாடா," என்றார் மேனேஜர்.

டெஸ்ட் அன்றைக்குக் கோணத்தோள் நேரே கிடங்கிலிருந்து வந்தான். அரைநாள் லாரி இறக்கிவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணி, நீங்க இருக்கீங்கன்னு தைரியமா வந்தேன். ஷாக் கீக் அடிக்காதே?"

"அடிச்சா நேரா நிமிந்துருவ. சட்டையைக் கழட்டு."

ஈர நாயின் வாடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சால் இரண்டு இழுப்பு துடைத்து, நீல வில்லைகளை ஒட்டினாள். ஒட்டின கையோடு ஒன்று மெதுவாக நகர்ந்தது. டேப் போட்டு அமுக்கினாள். டேப்பும் நகர்ந்தது.

"கையைத் தூக்குப்பா," என்றார் டாக்டர், மெஷினைப் பார்த்தபடி.

தூக்கினான். வலியில் பல்லைக் கடித்தான். கோடு பேய் பிடித்த மாதிரி குதித்தது. வில்லை வழுக்குகிற ஒவ்வொரு தடவையும் குதித்தது. அப்புறம் படுத்துவிட்டது.

"மறுபடி."

மறுபடி குதித்தது. டாக்டர் சிரித்தார். "வேணும்னே வெட்டி வெட்டி இழுக்கறான். முழுசா முயற்சி பண்ணல."

"இல்ல சார், சத்தியமா..."

"சார், வில்லை நகருது," என்றாள் அவள். "ஆள் மேல தப்பில்ல. வெள்ளையா இருந்தா நிக்கும் சார்."

டாக்டர் நாற்காலியைத் திருப்பினார். "நீலம் போதும்னு சொன்னது யாரும்மா? நானா? அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு. உனக்குத் தெரிஞ்ச பையன்னு பேசறியா?"

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: தோள் சதையில் பாதிப்புத் தெரியவில்லை, மூட்டை தூக்கலாம்.

டாக்டர் போன பிறகு முதுகில் தொங்கின வில்லைகளை எடுத்தாள். ஒன்றுகூட நோகவில்லை. ஜெல் அவன் முதுகில் கோடு கோடாக வழிந்தது. துடைக்கும்போது முதல் தடவையாக அவளுக்கு ஒரு முதுகு குமட்டவில்லை. தன் கைதான் குமட்டியது.

"என்ன அண்ணி, நல்லா எழுதிட்டாரா?"

சொன்னாள். அவன் சட்டையில் ஒரு கையை மட்டும் விட்டபடி நின்றான். மற்றக் கை மேலே வரவில்லை. அவள்தான் பிடித்து உள்ளே நுழைத்துவிட்டாள்.

"நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க," என்றான். அதற்குப் பதில் அவன் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் அவள் புருஷன் வாசலிலேயே கேட்டான். "அவன் இன்னைக்கு மூட்டை தூக்கறான். வெள்ளைதானே சொன்னே?"

"நீலம்னு சொன்னேன்."

"ஏன்?"

"செரைக்க அருவருப்பா இருந்துச்சு."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். தரையில் காறித் துப்பப் போனவன், வீடு என்று ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம் கோணத்தோளை மறுபடி சோதிக்கச் சொல்லி அவள் டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டாள். கிடங்கு முதலாளி எழுதிக் கேட்டால்தான் மறுசோதனை என்றார் டாக்டர். கைக்கு வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு முதலாளி எதற்காக எழுதிக் கேட்கப் போகிறார்? கோணத்தோள் தூக்குகிறான். அவனுக்கு அவள் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரு டெஸ்ட். சிரைத்து, தேய்த்து, வெள்ளை வில்லை ஒட்டி எடுக்கிற ஒரு டெஸ்ட். இன்னும் கொடுக்கவில்லை.