அவர் என்ன தின்றார்?

பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்கிறவளிடம் பொய் சொல்லித் தப்ப முடியுமா? பதினெட்டு வருடச் சர்வீஸ். ஆளின் முழியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளின் வீட்டிலேயே திருட்டு நடந்தால் சும்மா விடுவாளா?

திருட்டு வாய் வழியாக. தையற்காரரான அவள் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. ரத்தத்தில் ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் போன மாதம் ஐந்து புள்ளி மூன்று, இந்த மாதம் ஐந்து புள்ளி ஏழு.

"செல்லுக்குள்ள இருக்க வேண்டியது ரத்தத்துல தேங்குது. இன்னும் ஏறினா இதயம் திடீர்னு நின்னுடலாம். ரெண்டு வாரத்துல மறுபடி பார்க்கணும்" என்றார் டாக்டர்.

பொட்டாசியம் போகட்டுமென்று காய்களை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுகிறவள் அவள். வாழைப்பழம் வாசல்படி ஏறியே வருஷமாகிறது.

"கடையில என்ன தின்னீங்க?"

"ஒண்ணும் தின்னலம்மா."

"அப்ப காத்தைக் குடிச்சா ஏறுது?"

சட்டைப்பையைத் துழாவினாள். வாயை முகர்ந்து பார்த்தாள். அதுவும் போதாமல் விடுப்புப் போட்டுவிட்டு, தையல் மெஷினுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே, புருஷன் போனால் அவர்களா கொண்டுவந்து தரப்போகிறார்கள்?

இரண்டு வாரம், அவள் கையால் போட்டதைத் தவிர ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு ஆறைத் தாண்டியிருந்தது. அவரை உடனே ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி போட்டார்கள்.

அவர் திருடவில்லை என்பதற்கு அவளேதான் சாட்சி. அப்படியானால் மிச்சம் யார்?

வீட்டுக்கு ஓடி, சமையலறையையே பையில் அள்ளிவந்து உணவு ஆலோசகர் முன் கொட்டினாள். அந்த அம்மா உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

"இது எப்பலேருந்து?"

"ரெண்டு மாசமா. உப்பைக் குறைக்கச் சொன்னாங்கன்னு சோடியம் கம்மியான உப்பா தேடி வாங்கினேன்."

"சோடியத்தைக் குறைச்ச இடத்துல பொட்டாசியத்தைத்தான் கலந்திருக்காங்க. இவருக்கு இது ஆகவே ஆகாது."

கட்டிலருகே போய் உட்கார்ந்தாள்.

"நான் போட்ட உப்புதாங்க. உங்களைப் போய்..."

கத்துவார் என்று நினைத்தாள். அவர் நீளமாக மூச்சுவிட்டார்.

"அப்பாடா. நீ அவ்வளவு உறுதியா சொன்னதுல, தூக்கத்துல எந்திரிச்சு எதையாவது தின்னுடறேனோன்னு எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு. நீ தூங்கினப்புறம் காலைக் கட்டிலோட கட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன்."

அவள் போர்வையை விலக்கினாள். கணுக்காலைச் சுற்றித் துணிப்பட்டை அழுத்திய தடம் சிவந்திருந்தது.