எட்டாவது குண்டு

"இந்த விசில உங்கிட்ட எதுக்குக் குடுக்கறேன், தெரியுமாம்மா?"

துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்த அன்று, கிளப்பைப் பார்த்துக்கொள்கிற சிவசங்கர் கேட்ட கேள்வி இது. பாண்டிச்செல்வி தெரியும் என்பதுபோலத் தலையாட்டி வைத்தாள். தெரியாது என்றால் இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்குமே.

அவரே சொன்னார். "இங்க யாரு வோணா ஊதலாம். நானு, நீ, பெருக்குற ஆயா, யாரு வோணா. எதனா தப்பாத் தெரிஞ்சா ஊது. எல்லாரும் ரைஃபிளக் கீழ வெச்சிடணும். ஏன் ஊதுனேன்னு ஒருத்தனும் கேக்கக் கூடாது. அதான் ரூல்."

யாரும் கேட்கக் கூடாது என்றது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. காரணம் உண்டு. அதற்கு முன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்றாள். அங்கேயும் தப்பு தெரிந்தால் இழுக்கச் சொல்லி மஞ்சள் கயிறு ஒன்று தொங்கும். ஒருநாள் ஸ்க்ரூ விட்டுப்போனதுபோல் தெரிய, இழுத்துவிட்டாள். லைன் நாலு நிமிடம் நின்றது. பார்த்தால் ஸ்க்ரூ அதன் இடத்தில்தான் இருந்தது. மறுநாள் காலை மீட்டிங்கில் சூப்பர்வைசர் அவளை அறுபது பேர் முன்னால் நிறுத்தி, "எதுக்கு இழுத்த, சொல்லு" என்றார். இரண்டே நாளில் வேலையை விட்டுவிட்டாள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவளோடு ஒரே பஸ்ஸில் ஏறி வந்த வேல்விழி மட்டும் அந்தக் கம்பெனியிலேயே நிலைத்தாள். வெள்ளை விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, மயிரிழைக் கீறல் விழுந்த பாகங்களைப் பொறுக்கி ஒதுக்குகிற வேலை. கண்தான் அவளுக்குச் சோறு போட்டது.

அந்தக் கண்ணே அவளைத் துப்பாக்கிப் பயிற்சிக்கும் இழுத்து வந்தது. வடக்குப்பட்டு போகிற வழியில் கம்பெனி மதில்களுக்குப் பின்னால் இருந்த அந்தக் கிளப்புக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்களைக் கம்பெனி பஸ்ஸே கூட்டிவந்தது. வந்த மூன்றாவது வாரத்திலிருந்தே வேல்விழியின் குண்டு இலக்கு அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு வெளியே போகவில்லை. கம்பெனி டீமில் சேர்த்துக்கொண்டால் கான்ட்ராக்ட் போய் பெர்மனென்ட் ஆகிவிடலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

கிளப்பில் இருந்த ஆறு ரைஃபிள்களும் எங்கோ மூடிப்போன கிளப்பிலிருந்து வந்தவை. பாண்டிச்செல்வியைவிட வயதில் மூத்தவை. ஒன்றில் சேஃப்டி நிற்காது. ஒன்றின் கட்டை விரிந்துபோய்க் கம்பி சுற்றியிருந்தது. மூன்றாம் எண்ணில் சுட்ட தோட்டாவின் கூடு சிக்கிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்பாகப் போடுகிற கண்ணாடிகளோ தேய்ந்து பால் நிறமாகியிருந்தன. "புதுசு வந்துகினே கீதும்மா" என்பார் சிவசங்கர். வந்தபாடில்லை.

கார்த்திகை மழையில் ஸ்டோர் ரூமுக்குள் தண்ணீர் ஏறி, கீழ் வரிசையில் இருந்த தோட்டாப் பெட்டிகள் நனைந்துவிட்டன. பாண்டிச்செல்விதான் அவற்றை மொட்டைமாடியில் துணி விரித்து, வத்தல் காயப்போடுவதுபோலப் பரப்பிக் காயவைத்து, துடைத்து, மறுபடி அடுக்கினாள். "கெட்டிக்காரி" என்றார் சிவசங்கர். அவளுக்கும் பெருமைதான்.

அவள் விசில் ஊதியது ஒரே ஒரு தடவை. இலக்கு அட்டைகளுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ அசைந்தது. ஆடு என்று நினைத்து ஊதிவிட்டாள். அத்தனை பேரும் ரைஃபிளைக் கீழே வைத்தார்கள். காற்றில் எழும்பி வந்தது ஒரு கேரிபேக்.

"ஏளா, கேரிபேக்கயும் காப்பாத்திட்டியே!" என்றாள் வேல்விழி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "நான் சுடும்போது மட்டும் ஊதிராத தாயி. கை கலைஞ்சிட்டுன்னா மறுபடி நிக்காது. ஒன் கால்ல வேணா விழுதேன்" என்றாள். பாண்டிச்செல்வியும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

டீமுக்கு ஆள் எடுத்தது தை மாதத்து ஞாயிறு ஒன்றில். பத்து நிமிடம், பத்துக் குண்டு. வேல்விழிக்கு வாய்த்தது மூன்றாம் எண். பின்னால் நின்று தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்து ஓட்டைகளை எண்ணுவது பாண்டிச்செல்வியின் வேலை.

"இதப் போட்டா ஒரே புகமூட்டமா இருக்குளா" என்று வேல்விழி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டாள். பாண்டிச்செல்வி பார்த்தாள். இறக்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லாமல் தொலைநோக்கிக்குக் குனிந்தாள்.

ஏழு குண்டுகள் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற மாதிரி விழுந்தன. எட்டாவதற்குச் சத்தம் சரியில்லை. சோடா மூடி திறந்ததுபோல 'புஸ்' என்றது. காதை அடைத்திருந்த வேல்விழிக்கு அது கேட்டிருக்காது. பாண்டிச்செல்வியின் காதுக் கவசம் ஒரு பக்கம் உடைந்திருந்ததால் அவளுக்குக் கேட்டது. அட்டையைப் பார்த்தாள். ஏழுதான். பின்னால் மண்மேட்டில் புழுதியும் கிளம்பவில்லை.

குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அப்படி நின்றால் அடுத்த குண்டு சுடுகிறவர் பக்கமே வெடிக்கும் என்று சிவசங்கர் சொல்லிக் கொடுத்திருந்தார். விசில் அவள் பல்லுக்கு நடுவே இருந்தது.

ஒருவேளை ஏற்கெனவே விழுந்த ஓட்டை வழியாகவே போயிருக்குமோ என்று தோன்றியது. வேல்விழி அப்படிச் சுடக்கூடியவள்தானே. ஊதி, ஒன்றுமில்லை என்றால்? அவள் கை கலைந்துவிட்டால்? அந்த அறுபது முகங்களும் நினைவுக்கு வந்தன. வேல்விழி கூட்டை நெம்பி எடுத்தாள். அடுத்த தோட்டாவை வைத்தாள். போல்ட்டைத் தள்ளி மூடினாள். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள். ஒரு மூச்சு ஊத அந்த நேரம் தாராளம்.

ஒன்பதாவது பின்பக்கமாக வெடித்தது.

பூந்தமல்லியைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனார்கள். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது என்றார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் சிவசங்கர் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். "பழைய ரைஃபிளு, நனைஞ்ச தோட்டா. என் தப்புதான் சார். பாவம், அதக் காய வெச்ச பொண்ணு இன்னா பண்ணும்?" ஏன் ஊதினாய் என்று கேட்கக் கூடாது என்பது ரூல். ஏன் ஊதவில்லை என்று கேட்க யாருக்கும் தோன்றவே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து வேல்விழி ஊருக்குப் போகிறாள் என்று தெரிந்து, ஸ்ரீபெரும்புதூரில் அவளுடைய ஹாஸ்டலுக்குப் போனாள் பாண்டிச்செல்வி. அண்ணன் இசக்கிபாண்டி கீழே ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். வேல்விழி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"வாளா. அட்டையக் கேட்டிருந்தனே, கொண்டாந்தியா?"

கொடுத்தாள்.

"எங்க அண்ணங்கிட்டக் காட்டணும். தங்கச்சி சும்மா ஒண்ணும் கண்ணக் குடுக்கலன்னு." சிரித்துக்கொண்டே அட்டையை இடது பக்கமாகத் திருப்பிப் பிடித்து, விரலால் தடவித் தடவி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"எட்டுல்லா சுட்டேன்? ஏழுதான இருக்கு?"

ஒரே ஓட்டையில் இரண்டு போயிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். வேல்விழி நம்பியிருப்பாள். சந்தோஷமாகக்கூட ஊருக்குப் போயிருப்பாள்.

"எட்டாவது விழல" என்றாள் பாண்டிச்செல்வி. "நான் பாத்தேன். சத்தமும் கேட்டுச்சு."

"எப்ப பாத்த?"

"நீ அடுத்ததப் போடும்முன்ன."

"விசிலு?"

"வாயிலதான் இருந்துச்சு. நீ ஊதக் கூடாதுன்னு சொன்னல்லா... அதான்..." சொல்லும்போதே, அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. "கேரிபேக் மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேன்ளா."

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். வேல்விழி அட்டையைக் கட்டிலில் வைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். கதவு நிலையில் வலது தோள் இடித்தது; அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொள்ளப் பாண்டிச்செல்வி கையை நீட்டினாள். வேல்விழி அந்தக் கையைத் தொடாமல், சுவரைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.