டேர்னிப் பாண்

“உதுக்குள்ள வெங்காயம் போட்டனீங்களோ இல்லையோ?”

“கொஞ்சம்தான்.”

“கடுகு?”

நீக்கிலாஸ் அப்போதுதான் சுட்டெடுத்த பாண் ரொட்டியை வெட்டிய கத்தியைத் துடைப்பதில் மும்முரமானான். அவன் மனைவி செலீனுக்கு விளங்கிவிட்டது. கடுகு மட்டுமல்ல, கறிவேப்பிலையும் தாளித்துப் போட்டிருக்கிறான். வாசம் வெளியே மோர்னிங்சைட் வீதி பஸ் தரிப்பு வரைக்கும் போயிருக்கும்.

முப்பத்தெட்டு வயதில் திரும்பப் படிக்கப் போனவள் அவள். இன்று மூன்று மணிக்கு வரலாற்று வகுப்பில் பேசவேண்டும். முதலாம் உலகப்போரில் ஜெர்மனி தோற்றதில், வடகடலில் வழிமறித்து நின்ற பிரித்தானியக் கப்பல்களுக்கும் பங்குண்டு என்பதுதான் பேச்சு. தானியம் வரவில்லை, உரம் வரவில்லை. போதாக்குறைக்கு 1916இல் உருளைக்கிழங்கும் அழுகிப்போக, மாட்டுக்குப் போடும் டேர்னிப் கிழங்கைத் தின்று சனம் குளிர்காலத்தைக் கடத்தியது. பசித்த நாடு எத்தனை நாள் சண்டை பிடிக்கும்?

போன தடவை தேதிகளை ஒப்புவித்துப் பாதி வகுப்பைத் தூங்கவைத்தாள். இம்முறை ஆளுக்கொரு துண்டு டேர்னிப் பாண் கொடுத்து, முகம் சுளிக்க வைத்துவிட்டுத்தான் தொடங்குவதாக எண்ணம். அவளுக்குப் பாண் சுடவராது. அதை, பதினைந்து வருடமாக உணவகத்தில் சமைக்கும் புருஷனிடம் விட்டதுதான் பிழை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவன். இருப்பதை வைத்து ருசியாக்குவது அவன் கைக்குப் பழகிப்போன வேலை.

“சனத்துக்குக் குடுக்கிற சாப்பாடெல்லே,” என்றான். “கெடுத்துச் செய்ய என்ர கை விடுதில்லை. அந்த ஜெர்மன்காரப் பெண்டுகளும் ஏதாவது தாளிச்சிருப்பினம்தானே?”

“எதில தாளிக்கிறது? எண்ணெயும் கொழுப்பும் வந்த கப்பலைத்தானே மறிச்சு வைச்சிருந்தவங்கள்.”

மரக்கறி என்றாலே மூக்கைப் பொத்தும் மகள் மெலிசா அதற்குள் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டியிருந்தாள். செலீனும் கோபத்தோடுதான் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். விரல் தானாக அடுத்ததற்குப் போனது. சிரிப்பு வந்துவிட்டது.

மணி பதினொன்று. ஒரு கிழங்கு மிச்சமிருந்தது. அதை அவன் முன்னால் வைத்தாள். கடுகுப் போத்தலையும் எண்ணெயையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இஞ்சருங்கோ, எனக்காக ஒரேயொருக்கா, வாயில வைக்கேலாத பாண் ஒண்டு சுட்டுத் தருவீங்களோ?”