செருப்புகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பிரம்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு செருப்புக் குவியலில் கிடைத்தது. அமெரிக்காவில், எடிசன் நகரத்து வீடு ஒன்றில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து முடிந்து கிளம்பும்போது, ஷூக்களுக்கு நடுவில் மடித்த வெள்ளைப் பிரம்பு ஒன்று கிடந்தது. யாருடையது என்று கேட்கும் அளவுக்கு அங்கே எனக்குப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து, கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த ஆளை உண்டாக்கினேன். பெயர் மயில்சாமி. ஊர் கோபிசெட்டிபாளையம்.

2

முதல் தொடக்கம்: மயில்சாமியின் உலகம் மெல்ல மெல்ல இருண்டு—

வேண்டாம். கண் தெரிகிறவர்கள் எழுதுவது இது.

இரண்டாவது: மயில்சாமிக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. பிரம்பைத் தட்டிக்கொண்டு தனியாக ரயிலேறி வேலைக்குப் போகிறார். வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளியிலிருந்து போன் வந்திருக்கிறது. அவர் நடைக்குப் பொருந்தும் லேப்ரடார் ஒன்று இருக்கிறதாம். வேண்டுமா, வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும்.

[இங்கே நாய் நல்லதா பிரம்பு நல்லதா என்று ஒரு பக்கம் எழுதி அழித்தேன். மயில்சாமிக்கு அதெல்லாம் தெரியும்.]

அவருடைய கேள்வி வேறு. நாய் வந்தால் அபார்ட்மென்டில் இன்னொரு மூச்சுச் சத்தம் இருக்கும். ஆனால் சனிக்கிழமை பாட்லக் நடக்கும் தமிழ் வீடுகள் நாயை உள்ளே விடுமா? அவர் தமிழ் பேசுவது அங்கே மட்டும்தான்.

(ஒரு மனைவி, ஆங்கிலத்தில் பதில் சொல்லும் ஒரு மகள் வைக்கலாமா என்று யோசித்தேன். எழுத வரவில்லை. வேறு யாரும் இல்லாத என் வீட்டையே அவருக்கும் கொடுத்துவிட்டேன்.)

3

சனிக்கிழமை. ராஜலக்ஷ்மி வீட்டு வாசல்.

"வாங்க மயில்சாமி. ஸ்டிக்கைக் குடுங்க, ஷூவோட வெச்சுடறேன். ரோட்டுல பட்டது பாருங்க."

"சரிங்க்கா."

கையைப் பிடித்துக் கூட்டிப்போய் சோபாவில் உட்கார வைத்தாள். மயில்சாமி நாய் விஷயத்தைச் சொன்னார்.

"தாராளமா கூட்டிட்டு வாங்க. கராஜ்ல கட்டிடலாம். உள்ள சாமி ரூம் இருக்கு, அதான்."

"கராஜ்ல கட்டுனா அது எனக்கு எப்படிங்க்கா வழி காட்டும்?"

"உள்ளதான் நாங்கல்லாம் இருக்கோமே."

அவள் கணவர் ஜெயபிரகாஷ், "நாய் நம்ம வெஜ் பிரியாணி சாப்பிடுமா, கேட்டுக்கங்க" என்றார்.

"ஒருவாட்டி தின்னா, அடுத்த வாரம் உங்க வீட்டு வழியே மறந்துருமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு கிரீன் கார்டுக்குப் போனது. ஆட்கள் பேஸ்மென்டுக்குப் போனார்கள். மயில்சாமிக்கு பாத்ரூம் போக வேண்டும். அது எந்தப் பக்கம் என்று தெரியும். வழியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. பிரம்பு வாசலில்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

டிஷ்வாஷர் ஓடிக்கொண்டிருந்தது.

[ராஜலக்ஷ்மியைக் கெட்டவளாக்கி ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவள் நல்லவள். கெட்டவளாக இருந்தால் மயில்சாமி அன்றைக்கே முடிவெடுத்திருப்பார்.]

4

முடிவு ஒன்று: நாய் வருகிறது. சனிக்கிழமை இருவரும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

முடிவு இரண்டு: வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். சனிக்கிழமை அந்த சோபா. மற்ற நாட்களில்—

எனக்கு முடிக்கத் தெரியவில்லை. என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வந்தால் வாசலில் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மயில்சாமியை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். காலிங்பெல் அடித்துவிட்டார். மழை பெய்திருக்கிறது, பிரம்பு முனையில் ரோட்டு ஈரம். ஷூவைக் கழற்றிவிட்டார். பிரம்பை இன்னும் மடிக்கவில்லை. நீங்கள் அதை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான், நாளைக்குப் பள்ளிக்குப் போன் செய்வார்.

கதவைத் திறங்கள்.