தெளிந்த குளம்

எங்கள் பாலைவன ஊர் கோரபிஸில் இரண்டு குளங்கள் உண்டு. இரண்டுமே கழிவுதான். ஊர்ச் சாக்கடை ஐந்து சுத்திகரிப்புத் தொட்டி தாண்டி வந்து நிற்கும் கடைசிக் குளம் பச்சையாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் உப்பைப் பிரிக்கும் ஆலை வெளியே தள்ளும் உப்புக் கழிவு நிற்கும் குளம் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். பச்சையை ஆடு குடிக்கலாம். தெளிந்ததைக் குடித்தால் செத்துப்போகும். இரண்டையும் காவல் பார்ப்பது என் வேலை. ஒன்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆலை வரும்வரை நாமா இனத்து ஜனங்கள் நாங்கள் எல்லோரும் குடித்து வளர்ந்தது உப்புத் தண்ணீர். காபியும் உப்பு, கஞ்சியும் உப்பு. ஆலைத் தண்ணீர் உப்பில்லாமல் சப்பென்று வந்ததும், நல்ல தண்ணீரை எங்கோ ஒளித்துவைத்துவிட்டுச் சக்கையைக் குழாயில் விடுகிறார்கள் என்று ஊரே பேசியது. என் அண்ணன் எஃப்ராயிம் அதை அப்படியே நம்பினான்.

மழை இல்லாத மூன்றாம் வருஷம் அது. அவனுடைய மந்தையில் மிஞ்சியது முப்பத்தொரு ஆடு. அதைவிட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஆலை மோட்டார் பழுதாகி, குழாயில் தினம் வீட்டுக்கு ஒரு கேன் தண்ணீர்தான் விட்டோம். ஆபீசுக்குத் தெரியாமல் பச்சைக் குளத்துச் சாவியைக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன்.

"ஊரு பேண்டத என் ஆட்டுக்குக் குடுக்கச் சொல்றியா? சம்பளம் வாங்கி வாங்கி உனக்கு மூக்கு செத்துப்போச்சு புள்ள" என்றான்.

"செத்தது என் மூக்கில்ல, உன் மூளை" என்று சாவியை மண்ணில் எறிந்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் தெளிந்த குளத்தின் வேலி அறுந்து கிடக்கிறது. எட்டு ஆடுகள் குடித்து முடித்துக் கரையில் நிற்கின்றன. மற்ற இருபத்து மூன்றும் வேலிக்கு வெளியே முறைக்குக் காத்து நிற்கின்றன. அண்ணன் முன்பல் இடுக்கில் நாக்கை வைத்து ஒரு சீழ்க்கை அடித்தால் தாகத்திலும் அவை அசையாமல் நிற்கும். வேறு யார் சொன்னாலும் கேட்காத ஆடுகள்.

"அண்ணே, அது விஷம். ஓட்டிட்டுப் போ."

தொப்பியில் கொஞ்சம் மொண்டு வாயில் விட்டுக்கொண்டு சிரித்தான். "உப்பு. நம்ம அப்பா கிணத்துத் தண்ணிடி இது. இத்தன வருஷமா ஒளிச்சு வச்சிருந்தீங்க."

"வெயில்ல வத்தி வத்தி நிக்கிற உப்பு அது. கிணத்து உப்பு இல்ல."

அவன் அடுத்த எட்டைக் கூப்பிட நாக்கை மடக்கினான். நான் குறுக்கே போய் நின்றேன். கைத்தடியால் ஓங்கி அடித்தான். என் இடது முன்கை ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. அண்ணன் என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. என் வலது கையில் வேலைக்கு எடுத்து வந்த, குழாய் முடுக்கும் பைப் ரெஞ்ச் இருந்தது. தோளில் போட்டிருக்கலாம், காலில் போட்டிருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயிலேயே போட்டேன். விழுந்தவன் என் காலை வாரிக் கீழே தள்ளினான், கழுத்தைப் பிடித்து நெரித்தான். இன்னொரு அடி போட்டேன். மூன்று முன்பற்களை மண்ணில் துப்பினான்.

அப்போதுதான் மந்தையை நடத்தும் கிடாய் தள்ளாடியது. தலையைப் பின்னுக்கு வளைத்து, விழுந்து, நாலு காலையும் உதைத்தது. பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. அண்ணன் கை என் கழுத்திலிருந்து நழுவியது.

சீழ்க்கை நின்றுபோனதால் வெளியே நின்றவை வேலி ஓட்டை வழியாக ஒன்றாகப் பாய்ந்து வந்தன. அண்ணன் எழுந்து நாக்கை மடக்கி ஊதினான். ரத்தமும் காற்றும்தான் வந்தன. மறுபடி ஊதினான். ஆடுகள் திரும்பவில்லை. நான் கல்லெறிந்தேன், கத்தினேன், ஒடிந்த கையோடு தண்ணீருக்குள் இறங்கி உதைத்தேன். என்னைச் சுற்றிக்கொண்டுபோய்க் குடித்தன.

உச்சி வெயிலுக்குள் எல்லாம் விழுந்துவிட்டன. உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தவற்றை அண்ணன் கத்தியால் அறுத்தான். நான் நல்ல கையால் கால்களைப் பிடித்துக்கொண்டேன். மந்தையில் அப்படி அறுத்தது பத்தொன்பது. என் மடியெல்லாம் ரத்தம்.

கடைசி ஆடு அடங்கியபின் வீங்கிய வாயோடு பச்சைக் குளத்தைப் பார்த்தான்.

"அதக் குடுத்திருந்தா பொழச்சிருக்குமா புள்ள?"

"பொழச்சிருக்கும்ணே."

வாயைத் துடைத்துக்கொண்டான். "உன் சத்தத்துக்குத் திரும்பல, பாத்தியா" என்றான். "ஒரு சீழ்க்க போதும். இருபத்தி மூணும் நின்னிருக்கும்."

நான் ரெஞ்சைத் தேடி எடுத்துத் தெளிந்த குளத்தில் எறிந்தேன். எறிந்து என்ன பயன், எனக்குத் தெரியும். அவன் வாயில் முதல் அடியைப் போட்டபோது அந்த இருபத்து மூன்றும் வேலிக்கு வெளியே உயிரோடுதான் நின்றன.