நான்கு குஞ்சங்கள்

"கண்ணாடியைத் தொடாதீங்க, செனியோரா."

மிர்த்தா தொடவில்லை, தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் அப்பா ஸல்மானின் பிரார்த்தனைச் சால்வை விரித்துக் கிடந்தது. பக்கத்து அட்டையில், "போலந்து நெசவு. மூலைக் குஞ்சங்கள் நான்கு" என்று எழுதியிருந்தது.

அப்பா விடியற்காலையில் போய்விட்டார். இன்று வெள்ளி. பொழுது சாய்ந்தால் யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அப்புறம் அடக்கம் கூடாது என்று அதை மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். மணி பன்னிரண்டரை.

"என் சால்வையிலதான் என்னைச் சுத்தணும்" என்று நேற்று ஆஸ்பத்திரியில் மூன்று தடவை சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை ரொசாரியோ நகரத்து யூத அருங்காட்சியகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, கேக் தின்று, போட்டோவுக்குச் சிரித்ததும் இதே மனுஷன்தான். கொடுப்பது அவர், அலைவது மகள். மிர்த்தாவுக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது. செத்த அன்றைக்குமா என்று தன் மேலும் வந்தது.

"திருப்பித் தரணும்னா குழு கூடணும்," என்றாள் பொறுப்பாளர் நெலிதா. "செவ்வாய்க்கிழமைதான் கூடும்."

"அதுவரைக்கும் எங்கப்பாவைக் காத்திருக்கச் சொல்லட்டுமா?"

"கத்தாதீங்க. ஸ்கூல் பிள்ளைங்க வந்திருக்காங்க."

"வந்து பாக்கட்டும். ஒரு மனுஷன் துணியை எப்படிப் பிடுங்கி வைக்கிறதுன்னு கத்துக்கட்டும்."

"யாரும் பிடுங்கல. இந்தாங்க, தானப் பத்திரத்துல அவர் கையெழுத்து."

அவருடையதேதான். கடைசி எழுத்துக்கு வால் வேறு இழுத்திருந்தார். காட்சிக்கு வைத்திருந்த பழைய ஜெபக்கூட பெஞ்சின் முன் கட்டியிருந்த கயிற்றை மிர்த்தா தள்ளிவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். நெலிதா கயிற்றை ஓரமாகச் சுருட்டி வைத்தாள்.

"எங்கப்பா செத்தப்போ அவர் சால்வையில ஒரு குஞ்சத்தை வெட்டிட்டுத்தான் போர்த்தினாங்க."

"எல்லாருக்கும் அப்படித்தானே. குஞ்சம் கடமையை ஞாபகப்படுத்தத்தான். செத்தவனுக்கு இனிமே கடமை இல்லைல்ல."

"வெட்டினதைச் சவப்பெட்டிக்குள்ளயே போட்டாங்க."

நெலிதா கையுறை மாட்டினாள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, மேஜைக் கத்திரிக்கோலால் ஒரே வெட்டு. குஞ்சத்தை மிர்த்தாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அங்க யாரோட சால்வையைப் போர்த்தினாலும், இதைக் கூட வச்சிடுங்க. முழுசா எடுத்துத் தர எனக்கு அதிகாரமில்ல."

"இதுக்கு இருக்கா?"

"இதுக்கும் இல்ல. கிளம்புங்க, நேரமாகுது."

மிர்த்தா வாசலில் திரும்பிப் பார்த்தாள். நெலிதா அட்டையை வெளியே எடுத்து, நான்கை அடித்து மூன்று என்று எழுதி, மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தாள்.